காளாஞ்சகப் படையை அளக்கும் செயலி: ஒன்பது மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தோல் மருத்துவர்கள் சோரியாசிஸ் என்றும் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப் படை என்றும் சொல்லும், தோலில் செதில் பூத்த தடித்த திட்டுகளாக வரும் நோய், என் முழங்கைகளிலும் முழங்கால்களிலும் இடுப்பிலும் தலையிலுமாகப் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. சில வாரங்கள் அடங்கியிருக்கும். பிறகு போன முறை இருந்த அதே இடத்தில், ஏறக்குறைய அதே வடிவத்தில், மறுபடியும் கிளம்பும். சென்ற ஜூலை மாதம் ஒரு கைப்பேசிச் செயலிக்கு 2,400 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டினேன். தோலைப் படம் பிடித்துக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவால் நோயின் அளவைக் கணக்கிடுவதாகவும், அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் கண்டறிந்து சொல்வதாகவும் அதன் விளம்பரம் கூறியது. முதல் வாக்குறுதியை அந்தச் செயலி பெரும்பாலும் காப்பாற்றியது, இரண்டாவதைக் காப்பாற்றவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பல இந்த வகைச் செயலிகளுக்குப் பொதுவானவையாக இருக்கக்கூடும் என்பதால் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

பயன்படுத்தும் முறை எளிது. வாரத்துக்கு ஒருமுறை, நான் ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டேன், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் படம் எடுக்க வேண்டும். படத்துக்குள் அளவுகோலாக ஒரு வங்கி அட்டையை வைக்கச் சொல்கிறது. உலகெங்கும் அந்த அட்டைகள் 85.6 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரே அளவாக இருப்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் நடப்பில் உள்ள அட்டையை, அதன் எண்கள் தெரியும்படி, யாரோ ஒருவருடைய சேமிப்பகத்துக்கு நாமே படம் எடுத்து அனுப்பும் அபாயத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் எச்சரிக்கவில்லை. நான் காலாவதியான பழைய அட்டை ஒன்றை எண்களின்மேல் தாள் ஒட்டிப் பயன்படுத்தினேன். இடுப்பைப் படம் எடுக்க இன்னொருவர் துணை வேண்டும். என் மனைவிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைச் சடங்கில் தொடக்கத்தில் இருந்த ஆர்வம் நான்காவது வாரத்தோடு தீர்ந்துவிட்டது. படங்களைத் தவிர, நாள்தோறும் தூக்கம், உணவு, மன அழுத்தம், வானிலை, மருந்து என 38 கேள்விகளுக்கு விடை பதிய வேண்டும்.

செயலி தரும் மதிப்பெண் அதன் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. 1978ஆம் ஆண்டில் பிரெட்ரிக்ஸன், பெட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த புதிய ரெட்டினாய்டு மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது வகுத்த, நோயின் பரப்பையும் கடுமையையும் சேர்த்துச் சொல்லும் ‘பாசி’ (PASI) என்னும் அளவீடே இன்றுவரை சோரியாசிஸ் ஆய்வுகளின் பொது நாணயமாகப் புழங்குகிறது. உடலைத் தலை, கைகள், நடுவுடல், கால்கள் என நான்காகப் பிரித்து, முறையே 10, 20, 30, 40 விழுக்காடு எடை கொடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் செம்மை, தடிப்பு, செதில் ஆகிய மூன்றையும் 0 முதல் 4 வரையும், பரவியுள்ள இடத்தை 0 முதல் 6 வரையும் மதிப்பிட்டுப் பெருக்கிக் கூட்டினால், 0 முதல் 72 வரையிலான ஓர் எண் கிடைக்கும். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு எண்கள் வருவது இந்த அளவீட்டின் பழைய சிக்கல். பரப்பைக் கண்ணால் மதிப்பிடும்போது மனிதர்கள் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுகிறார்கள். விரல்களோடு சேர்த்த நம் உள்ளங்கையை உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்று வைத்துக்கொள்வதே வழக்கமான கணக்கு.

இந்தப் பரப்புக் கணக்கில்தான் செயலி தன் திறமையைக் காட்டுகிறது. ஒரே முழங்காலை, ஒரே மணி நேரத்துக்குள், பத்து முறை படம் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து படங்கள் சன்னல் ஓரத்து வெளிச்சத்தில், ஐந்து டியூப் லைட் அடியில். பத்துப் படங்களிலும் திட்டின் எல்லைக்கோட்டை ஏறக்குறைய ஒரே மாதிரி வரைந்தது. முழங்காலின் வளைவையும், திட்டின் ஓரத்தில் செதில் உதிர்ந்துபோய் நிறம் மட்டும் மாறியிருந்த பகுதியையும் அது குழப்பிக்கொள்ளவில்லை. செதிலையும் நன்றாகவே அடையாளம் கண்டது. ஒரு படத்திலிருந்து தடிப்பை எப்படி அறியும் என்று எனக்கு ஐயம் இருந்தது. சாய்வாக விழும் வெளிச்சத்தில் நிழலைக் கொண்டு ஓரளவு சரியாகச் சொன்னது, நேர் வெளிச்சத்தில் தடுமாறியது. தலைமுடிக்குள் இருப்பதை அதனால் பார்க்கவே முடியாது. தலைக்கான மதிப்பெண்ணை நானே பதிய வேண்டியிருந்தது.

செம்மைதான் அதற்கு எட்டவில்லை. அதே பத்துப் படங்களில் என் முழங்காலின் செம்மை ஒருமுறை 1 என்றும் இன்னொருமுறை 3 என்றும் வந்தது. இதற்குக் கைப்பேசிக் கேமராவின் நிறத் திருத்தத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அழற்சி ‘சிவப்பாக’ இருப்பதில்லை. கத்தரிப்பூ நிறமாகவோ, கருஞ்சிவப்பாகவோ, சில நேரம் சாம்பல் பூத்த பழுப்பாகவோ தெரியும். வெள்ளைத் தோலில் எளிதாகத் தெரியும் அழற்சி நம் தோலில் மறைந்து நிற்பதால், தோல் மருத்துவத்தில் பழகிய கண்களே அதைக் குறைத்து மதிப்பிடுவதுண்டு. அந்தக் கண்கள் குறியிட்டுக் கொடுத்த படங்களைப் பார்த்துக் கற்ற இயந்திரம் அந்தக் குறையையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

எனக்கு இது ஊகமாகத் தோன்றிய காலம் போய் எண்ணாகத் தெரிந்தது அக்டோபரில். நான் வழக்கமாகப் பார்க்கும் தோல் மருத்துவர் அன்று கையால் கணக்கிட்ட மதிப்பெண் 6.7, அதற்கு முந்தைய நாள் செயலி தந்தது 5.8. இரண்டையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டபோது பரப்பும் தடிப்பும் செதிலும் அச்சு அசலாகப் பொருந்தின. தலையை நானே பதிந்திருந்ததால் அங்கும் வேறுபாடு இல்லை. கைகள், நடுவுடல், கால்கள் ஆகிய மூன்றிலும் செயலி செம்மையை ஒவ்வொரு படி குறைத்திருந்தது. அந்த மூன்று படிகளின் எடையைக் கூட்டினால் கிடைக்கும் 0.9தான் மொத்த வேறுபாடும். 0.9 சிறிய எண் என்று தோன்றலாம். ஆனால் ஊசி மருந்துக்கோ ஒளிச் சிகிச்சைக்கோ தகுதி உண்டா என்பதை இத்தகைய மதிப்பெண்களை வைத்து முடிவு செய்யும் இடங்களில், எப்போதும் ஒரே திசையில் பிழை செய்யும் தராசு கறுத்த தோல்காரர்களை எப்போதும் வரிசையின் பின்னால் நிறுத்தும்.

செயலியில் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் ஒன்று உண்டு. ஆறு வட்டங்களில் ஒன்றைத் தொட வேண்டும். இந்த ஆறு படிகளின் கதை சோரியாசிஸோடு தொடர்புடையது என்பது பலருக்குத் தெரியாது. ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் பிட்ஸ்பாட்ரிக் 1975இல் இந்த வகைப்பாட்டை உருவாக்கியது, தோலை ஒளிக்கு எளிதில் இணங்கவைக்கும் சோராலென் மருந்து கொடுத்துப் புற ஊதாக் கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் தொடக்க அளவை முடிவு செய்வதற்காக. வெயிலில் எரியுமா, கறுக்குமா என்று வெள்ளைத் தோல்காரர்களிடம் கேட்டு எழுந்த வகைப்பாடு அது. பழுப்புக்கும் கறுப்புக்குமான ஐந்தாம், ஆறாம் படிகள் பிறகே சேர்ந்தன. நம் வீட்டிலேயே நான்கு பேர் நான்கு நிறம் என்றிருக்க, இந்திய நிறங்கள் அனைத்தையும் இரண்டு மூன்று வட்டங்களுக்குள் அடைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடாக இல்லை. வட்டத்தை மாற்றினால் மதிப்பெண் மாறுகிறதா என்று பார்த்தேன். நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றியும் ஒரு புள்ளிகூட நகரவில்லை. கேள்வியைக் கேட்கிறார்களே தவிர விடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தக் குறை இந்த ஒரு செயலிக்கு மட்டும் உரியது அன்று. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2022இல் வெவ்வேறு நிறத் தோல்களிலிருந்து 656 படங்களைத் திரட்டி, அன்றைக்குப் பெயர்பெற்றிருந்த தோல் நோய்க் கணினி நிரல்களைச் சோதித்தபோது, கறுத்த தோலில் அவற்றின் துல்லியம் தெளிவாகக் குறைந்தது. அதே ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தியும் இருந்தது: பல நிறத் தோல்களின் படங்களைக் கொண்டு மேற்கொண்டு பயிற்சி கொடுத்தபோது அந்த இடைவெளியை நிரப்ப முடிந்தது. ஆகவே நம் சந்தாப் பணத்தில் கொஞ்சம் நம் தோல்களின் படங்களைச் சேகரிக்கவும் செலவாகியிருக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிய பேச்சில் வெட்பாலைத் தைலத்தை விட்டுவிடக் கூடாது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஊதா நிறமாகும். என்னைப் போல் இந்த நோய் உள்ள எத்தனையோ வீடுகளில் அந்தப் புட்டி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தைலம் தேய்த்த தோலையே படம் எடுத்துவிட்டேன். ஒன்பது மாதங்களில் செயலி என் செம்மைக்கு 4 மதிப்பெண் கொடுத்து, உடனடியாக மருத்துவரை அணுகும்படி சிவப்பு எழுத்தில் எச்சரித்தது அந்த ஒருநாள் மட்டுமே.

தமிழ்ப் பதிப்பு இருக்கிறது என்பதே நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம். முதல் நாளே ‘இன்று உங்கள் தீப்பிழம்பு எப்படி உள்ளது?’ என்று கேட்டது. நோய் கிளம்புவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். நோயைத் தூண்டும் காரணம் ‘விசை’ ஆகியிருந்தது. தடித்த திட்டுகள் ‘பலகைகள்’ ஆகியிருந்தன. என் முழங்காலில் எத்தனை பலகைகள் என்று எண்ணிப் பதிந்த நாட்களும் உண்டு. இரண்டாம் வாரத்திலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டேன். ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு இந்தச் செயலியை என்னால் பரிந்துரைக்க முடியாது.

சந்தாவின் பெரும்பகுதி நோயின் காரணத்தைக் கண்டறிவதற்குத்தான் என்று விளம்பரத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். 38 கேள்விகளில் ஒயின் அருந்தினீர்களா, வீட்டில் அறைச் சூடேற்றி ஓடியதா, நாய் பூனை வளர்க்கிறீர்களா என்றெல்லாம் கேட்கிறது. தொண்டை வலி இருந்ததா என்று கேட்கவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்குப் பின் துளித் துளியாக உடலெங்கும் சோரியாசிஸ் வெடிப்பது பாடநூல் செய்தி. இரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர், மனநோய்க்குத் தரும் லித்தியம் போன்ற மாத்திரைகள் நோயைக் கிளப்பக்கூடும் என்பதும் அப்படியே. மாத்திரைகளின் பெயரை எழுத அங்கே இடமே இல்லை. கீறலோ சிராய்ப்போ பட்ட இடத்தில் புதுத் திட்டு முளைப்பதை ஹைன்ரிஹ் கோப்னர் 1870களிலேயே விவரித்துவிட்டார். அந்தக் கேள்வியும் இல்லை.

ஆறு மாதம் முடிந்ததும் செயலி அறிவித்த தீர்ப்பு: என் நோயைத் தூண்டுபவை தக்காளியும், சனிக்கிழமைத் தூக்கக் குறைவும். படித்தவுடன் நம்பத் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் எனக்கு நோய் கிளம்பியது மூன்றே முறை. 38 காரணிகளை மூன்று நிகழ்வுகளோடு பொருத்திப் பார்த்து, இருபதில் ஒன்று தற்செயலாகப் பொருந்தினாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கும் சம்பந்தமில்லாத காரணிகள் சராசரியாக ஏறத்தாழ இரண்டு ‘கண்டுபிடிக்கப்படும்’. அது எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இரண்டு. எத்தனை நிகழ்வுகளின் அடிப்படையில் இதைச் சொல்கிறோம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அது நேர்மையாக இருந்திருக்கும்.

உணவுப் பதிவால் ஒரு நன்மை விளைந்தது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் கத்திரிக்காயையும் கருவாட்டையும் ஆறு ஆண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்தேன். சாப்பிடாத ஒன்றைப் பற்றிச் செயலியால் எதுவும் சொல்ல முடியாது அல்லவா? ஆகவே நவம்பர் முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள் கத்திரிக்காய் சாப்பிட்டுப் பதிந்தேன். மதிப்பெண்ணில், எனக்குத் தெரிந்தவரை, எந்த மாற்றமும் இல்லை. இது என் ஒருவனின் உடம்பைப் பற்றிய செய்தி மட்டுமே. இன்னொருவருக்கு அப்படியே இருக்க வேண்டியதில்லை. கருவாட்டுக்கு இன்னும் துணியவில்லை.

என் நோய் ஏன் இப்படி ஒழுங்கான இடைவெளியில் திரும்புகிறது என்பதற்கான விடை செயலிக்குள்தான் இருந்தது. செயலிக்குத்தான் அது தெரியவில்லை. மார்ச் மாதம் ஒன்பது மாத வரைபடத்தை அச்சிட்டு மருத்துவரிடம் கொடுத்தேன். ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி என்று நான்கு சிகரங்கள், இடையிடையே பள்ளங்கள், ரம்பத்தின் பற்களைப் போல. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மருந்து பூசின நாள் எல்லாம் குறிச்சிருக்கு சார், நிறுத்தின நாள் எங்க இருக்கு?” என்று கேட்டார். மருந்துக் கடை ரசீதுகளைத் தேடி எடுத்து, களிம்பு வாங்கிய தேதிகளை வரைபடத்தில் பென்சிலால் குறித்தோம். ஒவ்வொரு சிகரத்துக்கும் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ ஒரு குழாய் கிளோபெட்டசால் வாங்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த பெயர். சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. குழாய் தீரும்வரை தாராளமாகப் பூசுவேன், தோல் வழவழப்பானதும் ஒரே நாளில் நிறுத்துவேன், நான்கைந்து வாரத்தில் நோய் திரும்பும்.

கிளோபெட்டசால், பூசும் ஸ்டிராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது என்பதும், திடீரென்று நிறுத்தினால் சோரியாசிஸ் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும் என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கின. நான் பூசியதோ ஒவ்வொரு முறையும் மூன்று வாரம். செயலி அந்த மூன்று வாரமும் ‘மருந்து பூசினேன்: ஆம்’ என்ற என் விடையைப் பார்த்து நாள்தோறும் ஒரு தங்க நட்சத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்காத ஒரு கருவி, ஸ்டிராய்டுக் களிம்பு மளிகைப் பொருள்போல் விற்கும் நாட்டில், நோய் திரும்புவதற்கான காரணத்தைத் தேடித் தருவதாகச் சொல்லிக்கொள்வது பொருந்தாது. இங்கே பொன்னிறக் கண்ணாடி மூக்கில் நழுவ, பென்சிலோடு குனிந்திருந்த மருத்துவர்தான் நுண்ணறிவு. ஆனால் ஒன்பது மாதப் படங்கள் இல்லாமல் அவராலும் அதைக் கண்டிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் நான் அவரிடம் போனதெல்லாம் சிகர நாட்களில் மட்டுமே, சொன்னதெல்லாம் ‘திரும்பக் கிளம்பிடுச்சு டாக்டர்’ மட்டுமே.

இனி, ஏன் அதே இடத்தில் வருகிறது என்ற கேள்வி. திட்டு மறைந்து தோல் சுத்தமாகத் தெரியும்போதும், அந்த இடத்தில் ‘நினைவு’ கொண்ட டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சில தங்கிவிடுகின்றன என்பதும், தூண்டுதல் கிடைத்ததும் அவை இன்டர்லூக்கின் 17 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரந்து பழைய நெருப்பை மூட்டுகின்றன என்பதும் இப்போது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இதைக் கைப்பேசிக் கேமராவால் பார்க்க இயலாது. தோலின் மேற்பரப்பில் அதற்கான தடயமே இல்லை. இந்த ஆழத்தில் கணினியின் கற்றல் முறைகள் உண்மையிலேயே உதவுகின்றன, ஆனால் ஆய்வுக்கூடத்தில், தோல் துணுக்கின் மரபணுச் செயல்பாட்டைப் படிக்கும்போது. சோரியாசிஸும் எக்சிமாவும் ஒருசேர இருந்த அரிய நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆயிரக்கணக்கான மரபணுக்களிலிருந்து இரண்டே இரண்டின் அளவைக் கொண்டு இரு நோய்களையும் பிரித்தறியும் முறை உருவானது. உள்ளங்கையிலும் பாதத்திலும் இந்த இரண்டையும் கண்ணால் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். செயலியின் விளம்பரத்தில் வரும் ‘மூலக்கூறு அளவிலான புரிதல்’ என்ற சொற்கள் இத்தகைய ஆய்வுகளின் வெளிச்சத்தைக் கடன் வாங்கியவை. செயலிக்குள் இருப்பது ஒரு கேமராவும் ஒரு கேள்வித்தாளும்.

உரையாடும் பகுதி எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. உறவினர் திருமணத்துக்கு முன் விரைவாகக் குணமாக ஸ்டிராய்டு மாத்திரை சாப்பிடலாமா என்று சோதனைக்குக் கேட்டேன். அதை நிறுத்தும்போது சீழ்க் கொப்புளங்களோடு கூடிய கடுமையான வகை வெடிக்கக்கூடும் என்று தெளிவாக எச்சரித்தது. சோரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே எடுக்க வேண்டும், நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதையும் கேட்காமலே சொன்னது. மாத்திரையின் ஆபத்தை அறிந்த இந்தப் பகுதியும் வரைபடம் வரையும் பகுதியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததுதான் வருத்தம்.

படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று எழுதிக் கேட்டதற்கு, வெளிநாட்டுச் சேவையகத்தில் என்று பதில் வந்தது. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும் பெட்டி முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது, எடுத்துவிட்டேன். மறைவிடங்களின் படங்களைப் பதிவேற்ற நினைப்பவர்கள் முதலில் அந்தப் பெட்டியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆண்டுச் சந்தாவை நான் புதுப்பிக்கப்போவதில்லை. மதிப்பெண்ணும் படத்தொகுப்பும் இலவசப் பகுதியிலேயே கிடைக்கின்றன. கட்டணப் பகுதியில் கூடுதலாகக் கிடைப்பது தக்காளிதான். புதிதாக நோய் வந்தவர்கள் இதை வைத்து இன்ன நோய் என்று முடிவுக்கு வர முயல வேண்டாம், படர்தாமரையை இது இருமுறை சோரியாசிஸ் என்றே சொன்னது. என் மகனின் காலில் எடுத்த படம் அது. பல ஆண்டு நோயாளியாக, ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போகிறவராக இருந்தால் இலவசப் பகுதி பயன்படும். இப்போது எனக்குக் களிம்பு மாற்றப்பட்டு, தணிந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசும்படி சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் படம் எடுத்த பின், குறிப்புக்கான வெற்றுக் கட்டத்தில் எத்தனை விரல் நுனி அளவு களிம்பு செலவானது என்று எழுதிவைக்கிறேன். அந்தக் கட்டத்தைச் செயலி படிப்பதில்லை. அச்சிடும்போது மட்டும் தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வருகிறது, மருத்துவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கிறார்.